ஒளி வேகத்தில் ஓர் எலி

இருட்டியதும் வளை வாசலில் ஏதோ பிறாண்டுகிற சத்தம் கேட்டது. நாலு குட்டிகளையும் அணைத்துக்கொண்டு, "என்னங்க, பூனை! எழுந்து கதவைத் தாழ்போடுங்க" என்றாள் தாய் எலி.

இயற்பியல் புத்தகத்தில் பாதியைத் தின்று முடித்திருந்த புருஷன் அசையவில்லை. "நான் ஒளி வேகத்தில் ஓடினால் பூனை கண்ணுக்குத் தெரிவேனா, சொல்லு?"

"கதவு வரைக்கும் நடந்தாலே போதும்."

"அந்த வேகத்தில் போய்த் திரும்பினால் குட்டிகள் கிழடாகியிருக்கும். எனக்கு வயசே ஏறியிருக்காது!"

"இப்ப மட்டும் ஏறியிருக்காக்கும்?"

கதவிடுக்கில் ஒரு நகம் நுழைந்தது. மறுகணம் புருஷன் குட்டிகளுக்குப் பின்னால் பதுங்கியிருந்தார். எப்படிப் போனார் என்பது அவள் கண்ணுக்கே தெரியவில்லை.

அவள் சாதாரண எலி வேகத்தில் போய், நகத்தின் மேலேயே கதவை அறைந்து சாத்தி, தீக்குச்சியைக் குறுக்கே செருகித் தாழிட்டாள்.