போலந்து கார்டு

"உன் கை பட்டா ஒரு பொருளாவது வெச்ச இடத்துல இருக்குதா?" என்று கத்திக்கொண்டே பீரோவின் கடைசி அடுக்கையும் கட்டிலில் கவிழ்த்தான் டெனிஸ்.

ரேஷ்மா கட்டிலில் விழுந்த துணிகளை ஒவ்வொன்றாக உதறிப் பார்த்தாள். போலந்தில் வேலை பார்க்கும் கணவன், லீவில் செம்பாக்கம் வீட்டுக்கு வந்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை கிளம்ப வேண்டும். அந்த நாட்டில் தங்குவதற்கான கார்டைக் காணோம் என்று நேற்றுதான் சொன்னான். அது இல்லாமல் விமானத்தில் ஏற்றவே மாட்டார்களாம்.

பீரோவில் தொங்கிய அவனுடைய குளிர்கோட்டின் பைகளைத் துழாவினாள். மற்ற லீவுகளில் அதை அங்கேயே விட்டுவிட்டு வருவான். இந்த முறைதான் ஊருக்குக் கொண்டுவந்திருந்தான். பையில் கசங்கிய பஸ் டிக்கெட் ஒன்றுதான் இருந்தது.

"போலீஸ்ல ஒரு கம்ப்ளெயின்ட் குடுத்துடலாங்க. அதை வெச்சு ஏதாவது..."

"போலீஸ் கீலீஸெல்லாம் வேணாம்னு எத்தனை தடவை சொல்றது? விட்டுத் தொலையேன்!"

எப்படி விடுவது? ஜூனில் அவளும் பாப்பாவும் அவனோடு போய்ச் சேர்வதாகப் பேச்சு. அதை நம்பித்தான் போன வாரம் டீச்சர் வேலையை ராஜினாமா செய்தாள்.

மறுநாள் காலை அவனிடம் சொல்லாமலே கிளம்பினாள். ஸ்டேஷனில், "தொலைச்சவர் வரலையாம்மா?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். ஒருவழியாக ரசீது வாங்கிக்கொண்டு, தாம்பரத்தில் ரயில் பிடித்து விசா ஆபீசுக்குப் போனால், சர்வர் வேலை செய்யவில்லை. உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தாள். வேறு ஜன்னலுக்குப் போகச் சொன்னார்கள். போனாள். பசியில் கண் இருட்டியது. எழுந்து போனால் முறை போய்விடும்.

கடைசியில் அந்த ஜன்னலில் இருந்த ஒரு பெண், டெனிஸ் எப்போதோ வாட்ஸப்பில் அனுப்பிய கார்டின் படத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். போன உயிர் திரும்பி வந்தது ரேஷ்மாவுக்கு.

வீட்டுப் படியைத் தாவி ஏறினாள். "என்னங்க, வழி கிடைச்சிடுச்சு! நாளைக்கு நீங்க பாஸ்போர்ட்டோட போனாப் போதும். கார்டு நம்பரைப் போட்டுப் பார்த்துட்டு, திரும்பிப் போக விசா குடுத்துடுவாங்களாம்!"

டெனிஸ் கத்துவான் என்று நினைத்தாள். அவன் கத்தவில்லை. கலைந்து கிடந்த துணிகளைத் தள்ளிவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான்.

"இன்னும் என்னங்க? அதான் எல்லாம் முடிஞ்சுதே!"

"கார்டு தொலையல, ரேஷ்மா. வேலை போச்சுன்னு அங்கயே திருப்பி வாங்கிட்டாங்க."