எடை மேடையில் பழைய விண்டோஸ்

"புதுசைத் தூக்கிட்டுப் பழசைப் போடுறவன் உலகத்துல எவனாவது உண்டா? நீங்களே கேளுங்கய்யா."

அப்பாசாமி நிலக்கடலை மூட்டை ஏற்றிய டிராக்டரை எடை மேடை மேல் நிறுத்திவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

பௌர்ணமிக்கு மறுநாள். கிரிவலக் கூட்டத்துக்காக லோடு வண்டிகளை ஊருக்குள் விடாமல் வைத்திருந்ததால், திண்டிவனம் ரோட்டில் வரிசை நீண்டு கிடந்தது. காத்திருந்தவர்கள் இறங்கி வந்து சுற்றி நின்றார்கள்.

"இன்னா விஷயம் அப்பாசாமி?" என்று கேட்டார் கீழ்பென்னாத்தூர் வேடியப்பன்.

"மூணு மாசம் முன்னாடி இந்த எடை மேடை ஓனர் பலராமன் கம்ப்யூட்டர்ல புது விண்டோஸ் போட்டான். எக்ஸ்பியாம். அதுலேர்ந்து யார் லோடாவது சரியா வந்துதா? வீட்ல எடை போட்டுக் கட்டின மூட்டை, இங்க வந்தா லோடுக்கு அம்பது கிலோ கம்மி."

"ஆமா, எனக்கும் கணக்கு உதைச்சுது."

"எல்லாரும் பேச ஆரம்பிச்சதும், முந்தாநாள் அதைத் தூக்கிட்டு அந்தப் பழைய விண்டோஸ் தொண்ணூத்தெட்டையே போட்டுட்டான். ஏன்? தடயத்தை அழிக்கத்தான்."

கூட்டம் முணுமுணுத்தது.

இந்த நாளுக்காகத்தான் அப்பாசாமி பன்னிரண்டு வருஷமாகக் காத்திருந்தார். பால் சொசைட்டித் தேர்தலில் பலராமன் பதினோரு ஓட்டில் அவரைத் தோற்கடித்ததிலிருந்து பேச்சுவார்த்தை கிடையாது. மகன் கோபி இதே எடை மேடைக்கு ஆபரேட்டர் வேலைக்கு வந்த அன்று அவர் சோறு தின்னவில்லை. அடுத்த மாதம் நடக்கவிருந்த அவன் கல்யாணத்துக்கு ஊர் முழுக்கப் பத்திரிகை வைத்தார். பலராமன் வீட்டுக்கு மட்டும் வைக்கவில்லை.

பலராமன் வெளியே வந்தார்.

"வண்டிய எடுங்க. பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க."

"மொதல்ல பதில் சொல்லு. ஏன் பழசைப் போட்ட?"

"புதுசு ஒத்து வரலை."

"உனக்கு ஒத்து வரலையா, உன் திருட்டுக்கு ஒத்து வரலையா?"

யாரோ சிரித்தார்கள். அது அப்பாசாமிக்கு இன்னும் தெம்பைக் கொடுத்தது.

உள்ளே பிரிண்டரைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் மெக்கானிக் வளவனைக் கூப்பிட்டார்.

"தம்பி, நீதானே மாத்தினது? அண்ணாமலையாருக்குப் பொதுவா சொல்லு."

"வளவா, நீ உள்ள போ" என்றார் பலராமன்.

"பாத்தீங்களா, சொல்லவே விடமாட்டேங்கிறான்."

வளவனுக்கு ஒன்றும் புரியவில்லை. "இதுல இன்னாங்க ரகசியம்? எடை போடுற புரோகிராம் ரொம்பப் பழசு. தொண்ணூத்தெட்டுல இருந்தா, மேடை எடை தானா சீட்டுல விழும். எக்ஸ்பில அப்படி வராது. எடை காட்டுற பெட்டில ஓடுற நம்பரைப் பார்த்து ஆள்தான் கையால அடிக்கணும். இனிமே யாரும் கையால அடிக்கக் கூடாது, தானா வரணும்னுதான் ஓனர் பழசைப் போடச் சொன்னார்."



"அப்போ, மூணு மாசமா கையால குறைச்சு அடிச்சது யாரு?" என்றார் வேடியப்பன்.

"அதானே?" அப்பாசாமியின் குரல்தான் எல்லாருக்கும் மேலே கேட்டது. "அவன் எவனா இருந்தாலும் விடக் கூடாது. ஸ்டேஷனுக்கு இழுத்துட்டுப் போறோம். நானே கையெழுத்துப் போடுறேன்."

பின்னாலிருந்து யாரோ அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். கோபி. முகமெல்லாம் வேர்த்திருந்தது. அவரை டிராக்டருக்குப் பின்பக்கம் கூட்டிப்போனான்.

"போதும்ப்பா, நிறுத்துங்க."

"நீ சும்மா இருடா. உன் ஓனர் யோக்கியதை இன்னிக்குத் தெரியட்டும்."

"நான்தாம்ப்பா அடிச்சேன்."

அப்பாசாமிக்குக் காதில் விழுந்தது. மண்டையில் ஏறவில்லை.

"குறைச்சு அடிக்கச் சொல்லி, சரக்கு வாங்குற மண்டிக்காரர் லோடுக்கு நூறு ரூபா கொடுத்தாருப்பா. போன வாரம் ஓனர் கண்டுபிடிச்சுட்டார். 'பத்திரிகை வெச்சாச்சு, கல்யாணம் நிக்கக் கூடாது. இனிமே செய்ய வழியில்லாமப் பண்ணிடுறேன்'னு சொல்லி, மிஷினை மட்டும் மாத்திட்டார்."

"எல்லா லோடுமா?"

கோபி தலையாட்டினான்.

"என்னுது?"

"உங்களுதை மட்டும் சரியாப் போட்டா சந்தேகம் வரும்னு..."

அப்பாசாமி டிராக்டர் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டார்.

அந்தப் பக்கம் கூட்டம் கத்திக்கொண்டிருந்தது. "கோபிதானே மிஷின்ல உட்கார்றான். கூப்பிடுய்யா அவனை."

அப்பாசாமி முன்னால் வந்தார். பலராமன் அவரை ஒரு தடவை பார்த்தார். பின்னால் வந்த கோபியையும் பார்த்தார். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

"கோபியை இழுக்காதீங்க. நான் சொன்ன நம்பரைத்தான் அவன் அடிச்சான். தப்பு என்னுது."

வேடியப்பன் காறித் துப்பினார்.

"ச்சீ. நீயெல்லாம் ஒரு பெரிய மனுஷன். அப்பாசாமி, இதைக் கெளப்பினது நீதான். நீயே சொல்லு, இப்போ இன்னா செய்யலாம்?"

எல்லா முகமும் அப்பாசாமி பக்கம் திரும்பியது. கோபி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பலராமன் அவரையே பார்த்தார்.

அப்பாசாமி தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஸ்டேஷனெல்லாம் வேணாம், விடுங்க" என்றார். "அதான் திருட்டை அவனே ஒத்துக்கிட்டானே."