சிவப்புச் சட்டை

பெண்டிகோ ஓடையின் மேல், இங்கே குளிர்காலமான ஆகஸ்டு மாதத்துப் பனி இன்னும் கலையவில்லை. கூடார வாசலில் ஹொனோரா தன் கணவனின் சிவப்புக் கம்பளிச் சட்டையை நாடா நாடாகக் கத்தரிக்கிறாள். முழங்கால் தண்ணீரில் நின்று தங்கம் தோண்டுகிறவனுக்கு, நெஞ்சுக்கு இதமாக இருந்தது அது ஒன்றுதான். தங்கம் தோண்ட அரசாங்கம் விற்கும் உரிமச் சீட்டுக்கு இனிமேல் பணம் கட்டமாட்டோம் என்கிறவர்களெல்லாம் தொப்பியில் சிவப்பு கட்டவேண்டும் என்று பேச்சு. கடைகளில் சிவப்புத் துணி நேற்றே தீர்ந்துவிட்டது. தோண்டுகிறவர்கள் அவள் முன்னால் வரிசையில் நிற்கிறார்கள். “அக்கா, எனக்கொண்ணு.” “பொத்தானோட வருது, பரவாயில்லையா?” “இருக்கட்டும்க்கா, மகாராணி குடுத்த பதக்கம்னு சொல்லிக்கிறேன்.” வாங்கியவர்கள் யூகலிப்டஸ் மரங்களினூடே நடக்கிறார்கள். பனியில் உடம்புகள் கரைந்துபோக, சிவப்புத் துணுக்குகள் மட்டும் மேட்டை நோக்கி மெல்ல மிதக்கின்றன. மேட்டில் காவலர்களின் குதிரைகள் கனைக்கின்றன. சீட்டில்லாதவனைக் கட்டிப்போடும் சங்கிலி எங்கோ கிணுகிணுக்கிறது. வெற்று மார்பின் மேல் கோட்டுப் பொத்தான்களைப் பூட்டிக்கொண்டு அவள் கணவன் ஃபெலிம் இருமுகிறான். கடைசி நாடாவை ஹொனோரா அவன் தொப்பியில் கட்டுகிறாள். “ரொம்பக் குளிருதாய்யா?” அவன் பனிக்குள் மிதக்கும் சிவப்பையே பார்த்துக்கொண்டிருக்கிறான். “நாப்பது பேரு என் சட்டையப் போட்டுக்கிட்டுப் போறான். எனக்கு எங்கடி குளிரும்?”