ஃப்ரிட்ஜ் மேல் ஏழு கவர்

"ஏழு ஞாயித்துக்கிழமை! ஒரு ஈ காக்கா எட்டிப் பாத்துச்சா?"

செருப்பில் காலை நுழைத்தபடியே ஹாரன் கத்தினார். முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஆனால் சபையில் அவருக்கு அந்தப் பேர் வந்தது வேலையால் அல்ல, தொண்டையால். அவர் பாட எழுந்துவிட்டால் பாடகர் குழு வாயை மட்டும் அசைத்தால் போதும்.

"மெதுவாப் பேசுங்க. பக்கத்து வீட்டுல குழந்தை தூங்குது," என்றாள் மனைவி.

"முழிக்கட்டுமே! 'நாமெல்லாம் ஒரே குடும்பம்'னு மைக்கைப் பிடிச்சுக்கிட்டு வாராவாரம் உருகுறாரே போதகர். குடும்பத்துல ஒருத்தனைக் காணோம்னா தேட மாட்டாங்களா?"

விஷயம் இதுதான். சபை விருந்தன்று நூற்றிருபது நாற்காலிகளை மாடியிலிருந்து இறக்கியவர் ஹாரன். நன்றி சொல்ல வந்த போதகர் சமைத்தவர், பரிமாறியவர், மைக் கட்டியவர் என்று வரிசையாகச் சொல்லி, கடைசியில் பெய்யாமல் போன மழைக்கும் நன்றி சொன்னார். ஹாரன் பேர் மட்டும் வரவில்லை.

"வந்து கூப்பிடட்டும், அப்புறம் போறேன்," என்று உட்கார்ந்தவர்தான். மனைவிக்கும் சேர்த்துத் தடை. ஆனால் ஞாயிறு தவறாமல் சவரம் செய்துகொள்வார். தேய்த்த சட்டை போட்டு, வாசலைப் பார்த்து நாற்காலியைத் திருப்பி வைத்துக்கொள்வார்.

யாரும் வரவில்லை. மணியடிப்பவர் மட்டும் சைக்கிளில் வந்து, தபால் பெட்டியில் ஒரு கவரைப் போட்டுவிட்டு இறங்காமலே போய்விடுவார்.

"சபையிலேர்ந்து கவர் வந்திருக்குங்க."

"வேலை வாங்க மட்டும் நான் வேணுமா? தூக்கி ஃப்ரிட்ஜ் மேல போடு."

எட்டாவது ஞாயிறு பொறுமை போய்விட்டது. நாலு பேர் முன்னால் நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்டுவிட்டு வருவதென்று கிளம்பிவிட்டார்.

ஆராதனை முடிந்து, போதகர் வாசலில் நின்று எல்லோருக்கும் கை கொடுத்துக்கொண்டிருந்தார்.

"அடடே, வாங்கண்ணே! எப்படி இருக்கீங்க?"

"உயிரோட இருக்கேன். செத்திருந்தா நாத்தம் வந்த பிறகுதான் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்!"

கை கொடுக்க நின்ற வரிசை காதைத் தீட்டிக்கொண்டது.

"என்னண்ணே இப்படிச் சொல்லிட்டீங்க! நீங்க வராத முதல் வாரமே கவனிச்சிட்டோமே."

"கவனிச்சு?"

"வராதவங்க பட்டியல்ல உங்க பேரை ஏத்திட்டோம். வாராவாரம் ஏத்துறோம். செயலாளர் கைப்பட எழுதுறாரு."

"எழுதிக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டி வச்சிருக்கீங்களா?"

"வீடு தேடிப் போய் விசாரிக்கத்தான் தனியா ஒரு குழு இருக்கேண்ணே. குழுத் தலைவருக்குப் பட்டியல் ஒழுங்காப் போயிடுது."

"எந்தச் சோம்பேறி அந்தத் தலைவன்?"

வரிசையில் யாரோ இருமுகிற மாதிரி சிரித்தார்கள். போதகர் தொண்டையைச் செருமினார்.

"மூணு வருஷமா நீங்கதானேண்ணே. உங்க வேலையில நாங்க தலையிட்டா உங்களுக்குக் கோவம் வருமேன்னுதான்..."

வந்த வேகத்தைவிட வேகமாக வீடு திரும்பினார் ஹாரன்.

"என்னங்க, கேட்டீங்களா? என்ன சொன்னாங்க?"

ஃப்ரிட்ஜ் மேல் கையை விட்டுக் கவர்களை எடுத்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. மேலே கிடந்ததை முதலில் கிழித்தார்.

இரண்டே பேர். இரண்டாவது அவர். முதல் பேர், சபைக்குப் பின்தெருவில் தனியாக இருக்கும் தையல்காரம்மா. 'கால் எலும்பு முறிவு. படுக்கை.' எதிரே 'பார்த்தாயிற்றா?' என்ற கட்டம் காலி.

அடுத்த கவர். அதே இரண்டு பேர், அதே காலிக் கட்டம். அதற்கடுத்ததும் அப்படியே.

"ஒருத்தராவது உங்களை விசாரிச்சாங்களா இல்லையா? அதையாவது சொல்லுங்க," என்றாள் மனைவி.

அடியில் கிடந்தது, அவர் போகாமல் நின்ற முதல் ஞாயிற்றின் கவர். பட்டியலுக்குக் கீழே செயலாளர் பொடி எழுத்தில் எழுதியிருந்தார்:

'தையல்காரம்மா இன்று மணியடிப்பவரைச் சன்னல் வழியாகக் கூப்பிட்டுச் சொன்னது: என்னைப் பாக்க யாரும் வராட்டிப் பரவாயில்லை. இங்க படுத்துக்கிட்டே அந்த ஹாரன் அண்ணன் குரலைக் கேட்டு நானும் கூடப் பாடிட்டு இருந்தேன். இன்னிக்குச் சத்தமே இல்லை. பாவம், அவருக்கு உடம்புக்கு என்னவோ. யாராவது போய்ப் பாருங்களேன்.

குழுத் தலைவர் உடனே கவனிக்கவும்.'