யாரும் எழுப்பக் கூடாது

பதினான்காம் நம்பர் வண்டி கத்த ஆரம்பித்தபோது ஐரின் அப்போதுதான் டிபன் பாக்ஸைத் திறந்திருந்தாள்.

கத்தியது அவள் மேசையிலிருந்த கம்ப்யூட்டர். திண்டுக்கல் பைபாஸில் இருக்கும் அந்த லாரி கம்பெனியில் எல்லா வண்டியிலும் டிரைவர் முகத்துக்கு நேரே ஒரு கேமரா உண்டு. மூன்று நொடி சேர்ந்தாற்போல் கண்ணை மூடினால் போதும், வண்டிக்குள்ளும் கத்தும், ஆபீசிலும் கத்தும்.

திரையில் மீரான் பாய். தலை சீட்டில் சாய்ந்திருந்தது. கண் மூடியிருந்தது.

ஐரின் டிபன் பாக்ஸைத் தள்ளிவிட்டுப் போனை எடுத்தாள். அப்புறம்தான் வேகத்தைப் பார்த்தாள். பூஜ்யம். செம்பட்டிக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னால், புளியமரத்தடியில் வண்டியை ஒழுங்காக ஓரம் கட்டி, நாலு இண்டிகேட்டரையும் போட்டுவிட்டுத்தான் மனுஷன் சாய்ந்திருக்கிறார்.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோஷத்தில்தான்.

போன தை மாதம் மலைச்சாமி என்ற டிரைவர் வேடசந்தூர்ப் பக்கமிருந்து போன் போட்டார். கண்ணைச் சொருகுது, கொஞ்ச நேரம் படுத்து எந்திரிச்சு வாரேன் என்றார். மேனேஜர் அசோக்குமார், டீயைக் குடித்துவிட்டு முதலில் வந்து சேரச் சொல் என்றார். அதை அப்படியே போனில் ஒப்பித்தது ஐரின்தான். சரி தாயி என்றார் மலைச்சாமி. நின்றிருந்த டிரெய்லருக்கு அடியிலிருந்து அவரை வெளியே எடுக்க மூன்று மணி நேரம் ஆனது.

அதற்குப் பிறகுதான் முதலாளிக்குப் புத்தி வந்தது. டிரைவர்களையெல்லாம் கூப்பிட்டு, பிரியாணி போட்டு, புது விதி சொன்னார். தூக்கம் வந்தால் ஓரம் கட்டு. இரண்டு மணி நேரம் தூங்கு. ஆபீசுக்குச் சொல்லக்கூட வேண்டாம். யாரும் எழுப்பக் கூடாது, ஏன் என்று கேட்கவும் கூடாது.

டிரைவர்கள் தலையாட்டினார்கள். பிரியாணியைச் சாப்பிட்டார்கள். ஒருத்தர்கூட நம்பவில்லை. மூன்று மாதமாக ஒரு வண்டியும் நிற்கவில்லை.

இன்றைக்கு ஒருவர் நம்பிவிட்டார்.

எந்தக் கொம்பன் வந்தாலும் இந்தத் தூக்கத்தைக் கெடுக்க விடுவதில்லை என்று ஐரின் முடிவு செய்தாள். வண்டிக்குள் கத்துவதை இங்கிருந்தே நிறுத்தினாள். ஒரு ஆண்பிள்ளை தூங்குவதைக் குறுகுறுவென்று பார்த்துக்கொண்டிருப்பது என்ன மரியாதை? அவர் முகம் தெரிந்த கட்டத்தையும் மூடினாள்.

உடனே போன் வந்தது. மீரானின் மனைவி சைதூன். மதியம் லுஹர் தொழுகை நேரத்தில் தவறாமல் கூப்பிடுகிறவர் இன்றைக்குக் கூப்பிடவில்லையாம்.

"கொஞ்சம் கண்ணசந்திருக்காருக்கா. நீங்க போன் போட்டு எழுப்பிராதீங்க."

சைதூன் சிரித்துவிட்டாள். தூங்கட்டும், வீட்டில் கிடந்தால் பகலில் கண்ணை மூட மாட்டார் என்றாள். காலையிலிருந்தே நெஞ்சைக் கரிக்கிறது என்று ஓமத்தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போனாராம், தூக்கம் கெட்ட சூடுதான் அது என்றாள். ஐரினும் ஆமாம் என்றாள். அப்படியே பேச்சு மகள் பாஸிலாவின் பரீட்சைக்குப் போனது. இருவருக்குமே மனசு லேசாக இருந்ததால் போனை வைக்க மனம் வரவில்லை.

அடுத்து அசோக்குமார் வந்தார். தக்காளி லோடு, திருநெல்வேலிக்காரன் உயிரை எடுக்கிறான், வண்டி ஏன் நிற்கிறது என்று மீரானைக் கூப்பிட போனை எடுத்தார். ஐரின் போனின்மேல் கையை வைத்தாள். ஆறு வருஷத்தில் அவரிடம் நிமிர்ந்து ஒரு வார்த்தை பேசியதில்லை அவள்.

"மலைச்சாமியண்ணனுக்கு நான்தான் சார் சொன்னேன். இனிமே யாருக்கும் சொல்ல மாட்டேன்."

அவர் போனை விட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஐரின் சாப்பிட்டாள். ஆறிப்போன சோறும் கத்தரிக்காய் வெஞ்சனமும்தான். ஆனால் மூன்று மாதமாகத் தொண்டையில் இறங்காத சோறு அன்றைக்கு இறங்கியது.

இரண்டு மணி நேரம் முடிந்தது. தன் பங்குக்கு இன்னும் பத்து நிமிஷம் விட்டாள். பிறகு கட்டத்தைத் திறந்தாள்.

மீரான் பாய் சாய்ந்துதான் இருந்தார். உதட்டின்மேல் ஒரு ஈ ஊர்ந்துகொண்டிருந்தது. அவர் அதை ஓட்டவில்லை.

செம்பட்டியில் தெரிந்த பஞ்சர் கடைக்காரரை அசோக்குமார் ஓடச் சொன்னார். போன கடைக்காரர் திரும்பக் கூப்பிட்டபோது ஐரினிடம் பேசவில்லை, மேனேஜரிடம் கொடு என்றார். நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

இருவரும் கேமராப் பதிவைப் பின்னால் ஓட்டிப் பார்த்தார்கள். பார்த்து முடித்ததும் அசோக்குமார் வெளியே போய், கிடந்த பழைய டயரின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

சாயங்காலம் பேகம்பூரில் மீரான் வீட்டில் சைதூன் ஐரினின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"தூக்கத்துலயே போயிட்டாராம்மா?"

ஆமாக்கா என்றாள் ஐரின். அந்த மட்டுக்கும் அல்லா அவரை நோகடிக்கவில்லை என்று சைதூன் பக்கத்திலிருந்தவர்களிடம் சொன்னாள்.

பதிவில், பன்னிரண்டு ஐம்பத்தொன்றுக்கு மீரான் பாய் கண்ணைத் திறந்தார். நேராகக் கேமராவைப் பார்த்தார். அதில் சத்தம் பதிவாகாது, உதடு அசைந்தது மட்டும் தெரிந்தது. எதிரே உட்கார்ந்திருக்கும் ஆளைக் கூப்பிடுவதுபோல் வலது கை எழும்பி எழும்பி விழுந்தது. ஐம்பத்தேழுக்கு அது நின்றது.

அந்த ஆறு நிமிஷமும் ஐரின், அவரை எழுப்ப வேண்டாம் என்று சைதூனிடம் பேசிக்கொண்டிருந்தாள்.