வேலாயுதன் போளி ரகசியம்

“இன்னும் கொஞ்சம் சிரிங்கோ. கன்னம் வைக்கப் போறவன் மாதிரி இருக்கு மூஞ்சி.”

“கன்னம் வைக்கத்தானே போறேன்!” என்றார் சுந்தரராமன்.

சாவித்ரி சிரிப்பை அடக்கிக்கொண்டு போனில் படம் எடுத்தாள். போளிக் கல்லுக்கு முன்னால் நிற்கும் கணவர். போளியைத் திருப்பிப் போடும் கணவர். நெற்றி வியர்வையைத் துடைக்கும் கணவர். ஞாயிறு மத்தியானத்துக்குள் எட்டுப் படங்கள் தயார். திங்கட்கிழமை காலை பத்து மணியிலிருந்து கால் மணிக்கு ஒன்றாக அவை தாமாகவே எக்ஸ் தளத்தில் ஏறும்படி நேரம் குறித்து வைத்தாள்.

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் இருபத்தாறு வருஷமாகப் போளிக் கடை நடத்துகிறவர் சுந்தரராமன். விற்பனைக்குக் குறைவில்லை. போட்ட போளியெல்லாம் டெலிவரிப் பையன்கள் பையில் பார்சலாகப் போய், பதினோரு மணிக்குள் தட்டு காலியாகிவிடும். பேர்தான் இல்லை. பேரெல்லாம், போன வருஷம் பழவங்காடியில் கடை திறந்த வேலாயுதனுக்கு. அவர் இரண்டு வரி எழுதினால் ஆயிரம் லைக். ஒரு படம் போட்டால் கடை வாசலில் வரிசை.

சாவித்ரியும் கடை பெயரில் கணக்கு தொடங்கித் தினமும் பதிவு போட்டுப் பார்த்தாள். ஒருவர் எழுதினார்: ‘பரவாயில்லை. ஆனால் வேலாயுதன் போளிக்குப் பக்கத்தில் நிற்காது.’ இன்னொருவர் எழுதினார்: ‘வேலாயுதன் போளி வாயில் கரையும். இது வாயிலேயே இருக்கும்.’

இரண்டாவதைப் படித்த அன்று சுந்தரராமன் சாப்பிடவில்லை.

“அவன் என்னமோ சேக்கறான், சாவித்ரி. அது என்னன்னு தெரிஞ்சுண்டா போறும். திங்கக்கிழமை காலம்பற அவன் போணக்காட்டு மலையில இருப்பானாம். தேயிலைத் தோட்டத்துல நின்னுண்டு போளி சாப்பிடற மாதிரி ரீல்ஸ் எடுக்கறானாம். அவனே எழுதியிருக்கான். சமையல்கட்டுல ஒருத்தரும் இருக்க மாட்டா.”

“மாட்டிண்டா என்ன பண்றது? அவர் மச்சினன் போலீஸாக்கும், கேட்டேளா.”

“யார் மாட்டறா? பத்து மணிக்கு நான் இங்க கல்லு முன்னால நிக்கறதை ஊரே பாத்துண்டிருக்கும். கோர்ட்டுல கேட்டாலும் எனக்கு ஆயிரம் சாட்சி!”

அதைக் கேட்டதும் சாவித்ரிக்கும் உற்சாகம் தொற்றிக்கொண்டது. கல்யாணமாகி முப்பது வருஷத்தில் இருவரும் சேர்ந்து செய்யும் முதல் குற்றம். பூரணமோ, மாவோ, பொடியோ, கையில் கிடைத்ததை ஆராய்ச்சிக்கு அள்ளி வர ஒரு பெரிய பையைக்கூடத் தேடி எடுத்து வைத்தாள்.

திங்கட்கிழமை விடிந்ததிலிருந்து மழை கொட்டித் தீர்த்தது. அதுவும் நல்லதாகப் போயிற்று. மழைக்கோட்டு, தலையில் ஹெல்மெட், தோளில் பை என்று ஸ்கூட்டரில் கிளம்பிய சுந்தரராமனை, பெற்ற தாயே வந்தாலும் அடையாளம் கண்டுபிடித்திருக்க முடியாது.

வேலாயுதன் கடைக்குப் பின்னால் இருந்த சந்தில் ஸ்கூட்டரை நிறுத்தினார். பத்து மணி பத்து நிமிஷம். போன் அதிர்ந்தது. ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். முதல் பதிவு ஏறியிருந்தது.

‘என்ன வெயில்! என்ன சூடு! கல்லுக்கு முன்னால் உங்கள் சுந்தரராமன்!’

படத்தில் ஞாயிற்றுக்கிழமை வெயில் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தது. அதற்குள் கீழே ஒருவர் கேட்டிருந்தார்: ‘மாமா, நீங்கள் எந்தத் திருவனந்தபுரம்? இங்கே முழங்கால் வரை தண்ணீர்.’

சுந்தரராமன் சாவித்ரியைப் போனில் கூப்பிட்டார்.

“அதை உடனே எடு!”

“எடுக்க மாட்டேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கறா. அம்பத்தேழு லைக், ஏன்னா! நமக்கு அம்பத்தேழு!”

“சாட்சி போச்சேடி!”

“சாட்சி போனா போறது. அடுத்ததுல நீங்க வேர்வை துடைக்கறேள். அது இதைவிட ஓடும், பாருங்கோ.”

அவள் போனை வைத்துவிட்டாள். திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு கணம் யோசித்தார். ‘இது வாயிலேயே இருக்கும்’ என்ற வரி ஞாபகம் வந்தது. கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு நடந்தார்.

சமையல்கட்டின் பின்கதவு சாத்தியிருந்தது. உள்ளே சத்தமில்லை. ஜன்னல் வழியே புகையில்லை. மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். நெய் வாசனைகூட இல்லை. ரகசியத்தை இந்த அளவுக்கா காப்பாற்றுவான் ஒரு மனிதன் என்று அவருக்கு மரியாதையே வந்துவிட்டது.

கதவில் கை வைத்தார்.

கதவு உள்ளேயிருந்து திறந்தது.

வேலாயுதனின் மனைவி ரத்னாபாய் நின்றுகொண்டிருந்தாள். அவள் கையில் ஒரு சின்னக் கத்தி.

ஓட நினைத்தார். பின்னால் சந்து முழுக்கத் தண்ணீர். மன்னிப்புக் கேட்க நினைத்தார். வாயைத் திறந்தால் ஆள் யாரென்று தெரிந்துவிடும். போலீஸ் மச்சினன் ஜீப்பில் ஏறுவதுகூட அவர் கண்ணுக்குத் தெரிந்தது. ரத்னாபாய் சொட்டச் சொட்ட நின்ற உருவத்தை மேலும் கீழும் பார்த்தாள். தோளில் தொங்கிய பெரிய பையைப் பார்த்தாள்.

“எந்தா தம்பி, இன்னைக்கு இவ்வளவு லேட்டாக்கிட்டே? கிழக்கேகோட்டை சுந்தரராமன் கடைப் போளிதானே? சீக்கிரம் தா, அவங்க ஸ்டிக்கரைக் கிழிச்சுட்டு எங்க பெட்டியில மாத்தணும்!”