ஒரு தாள் இடைவெளி

"உண்மையைச் சொல்லுங்கோ, அண்ணை."

இதை மட்டும் யாரிடமும் கேட்கக் கூடாது என்று முதலாளி பொன்னம்பலம் நிருபாவுக்கு முதல் நாளே சொல்லியிருந்தார். "உண்மையைக் கேட்டா பிறகு அதை எங்கை கொண்டுபோய் வைக்கிறது, பிள்ளை? அவங்கள் சொல்லுறதைப் பிரெஞ்சிலை எழுதும், காணும்." இடக்கையால் எழுதுவதும் கடைக்கு ஆகாது என்றார். இரண்டையும் அவள் சட்டை செய்யவில்லை.

ரூ லூயி-பிளாங்கில் தொலைபேசி அட்டை விற்கும் கடை அது. பின்மேசையில் அகதி விண்ணப்பங்களை மொழிபெயர்ப்பது அவள் வேலை. வீட்டிலேயே முதல் ஆளாகச் சட்டத்தில் பட்டம் வாங்கியதற்குக் கிடைத்த வேலை.

பொன்னம்பலம் சாப்பிடப் போயிருந்தார். எதிரே, சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவிய ஈரம் கூடக் காயாமல் குகதாசன் உட்கார்ந்திருந்தார். முதல் விண்ணப்பம் மறுக்கப்பட்டுவிட்டது. மேன்முறையீட்டுக்கு இன்று கடைசி நாள்.

"இதிலை இயக்கத்துச் சமையல்காரன் எண்டு எழுதியிருக்கு," என்றாள். "இந்தக் கிழமை ஒன்பதாவது சமையல்காரன் நீங்கள். விசாரணையிலை நூறு பேருக்கு எத்தினை கிலோ அரிசி எண்டு கேட்டதுக்கு ரெண்டு கிலோ எண்டிருக்கிறீங்கள். ஆர் நம்புவான்? இயக்கத்திலை உண்மையிலை என்ன செய்தனீங்கள்?"

அவர் ஒருமுறை கதவைத் திரும்பிப் பார்த்தார். "துவக்கு செய்தனான்."

"என்ன துவக்கு?"

"சினைப்பர். மூண்டு பழசுகளைக் கழட்டி ஒண்டாப் பொருத்தினது. ஒருக்கா இழுத்தா ஒரு வெடி, அடுத்த குண்டு தானா ஏறும்." கூனியிருந்த முதுகு நிமிர்ந்தது. "இன்னும் குறி திருத்தமா வரோணும் எண்டு பொறுப்பாளர் திருப்பித் தந்தார். அதுக்குக் குழல் பிடிமரத்திலை முட்டக் கூடாது, பிள்ளை. நடுவிலை ஒரு தாளை விட்டு இழுத்தா தடையில்லாமல் வரோணும்."

"அப்பிடித் திருத்திக் குடுத்தனீங்களோ?"

"இல்லை. சாவைப் பார்த்துப் பார்த்து வெறுத்துப்போச்சு. ஒரு பனஞ்சிராயை உள்ளுக்குச் செருகிவிட்டனான். முதல் ரெண்டு வெடியும் நேராப் போகும். சோதிக்கிறவன் அதோடை விட்டிடுவான். குழல் சூடாகினாப் பிறகு சிராயிலை முட்டி ஒரு முழம் விலத்தும். அந்தத் துவக்காலை ஒருத்தரும் சாகேல்லை."

நிருபா அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள். "இதையே அண்ணை ஒளிச்சு வைச்சனீங்கள்? ஆயுதம் செய்து குடுத்தவனைத்தான் திருப்பி அனுப்புவாங்கள். பழுதாக்கினவனுக்கு இஞ்சை இருக்கக் காட் குடுப்பாங்கள்."

"மனிசியையும் பிள்ளையளையும் கூப்பிடலாமோ?"

"ஓம்."

அந்த 'ஓம்' அவருக்கு உசாரைத் தந்தது. "அப்ப இதையும் எழுதும். அதைக் கொண்டுபோனவன் ஒரு இடக்கைப் பொடியன். வெடிச்ச வெறுங்கோது சூடா வலப்பக்கம்தானே தெறிக்கும், இடக்கைக்காரன்ர முகம் அந்தப் பக்கம், அவன்ர மூஞ்சியெல்லாம் சுட்ட தழும்பு. மூண்டு தரம் வந்தான், துவக்கு விலத்துது எண்டு. துவக்கிலை ஒண்டுமில்லை, உன்ர கண்ணிலைதான் பிழை, போய்ப் பழகு எண்டு கலைச்சுவிட்டனான்."

பேனை நின்றது. "பிறகு?"

"வேணுமெண்டு குறியைத் தப்பவிடுறான் எண்டு இயக்கத்துக்கு அவன்மேலை சந்தேகம். துவக்கிலை பிழையோ எண்டு என்னைக் கேட்டாங்கள். இல்லை எண்டன். வேற என்னத்தைச் சொல்லுறது? துரோகி எண்டு சுட்டுப்போட்டாங்கள்."

"அவன்ர பேர்?"

"ஆருக்கு ஞாபகம்? ஏதும் ஒண்டைப் போடும்."

நிருபா கணினிப் பக்கம் திரும்பினாள். ஒரு மணித்தியாலம் தலை நிமிரவில்லை. நாலு பக்கம் வந்தது. பிரெஞ்சு ஓர் எழுத்தும் தெரியாத குகதாசன், அவள் விரல் காட்டிய இடமெல்லாம் கவனமாகக் கையெழுத்து வைத்தார். ஃபாக்ஸ் இயந்திரம் தாள்களை ஒவ்வொன்றாக விழுங்கியது. கடைசியில் துப்பிய துண்டை அவரிடம் கொடுத்தாள்.

"போட்டுது. இனி ஒண்டும் மாத்தேலாது."

அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துத் தட்டிக்கொண்டார். "கடைக்கு வாரும், பிள்ளை. சூடாக் கொத்துரொட்டி போட்டுத் தாறன்."

அவள் குளிர்ச்சட்டையை மாட்டினாள். பொன்னம்பலத்தின் கடைத் திறப்பைத் தன் சாவிக்கொத்திலிருந்து கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"அந்தப் பொடியனுக்கு என்ன பேர் போட்டனீர்?"

"தினேஸ்."

"ஆர் அது?"

"எங்கட வீட்டிலை ரெண்டு பேர் இடக்கை, அண்ணை. அவனும் நானும்."

கதவுப் பிடியில் இருந்த அவளுடைய கையைக் குகதாசன் பார்த்தார். சட்டைப் பையிலிருந்த துண்டை வெளியே எடுத்தார்.

"பிள்ளை... நான் சிராய் வைச்சதை எழுதினனீர்தானே?"

கதவு திறந்ததும் தெருச் சத்தம் உள்ளே வந்தது. அவள் திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினாள்.

"குறி தப்பாத துவக்கு எண்டு எழுதியிருக்கிறன்."